பாடத்திட்டத்தில் எவற்றைச் சேர்ப்பது? மலாயாப் பல்கலைக்கழகமும் ஃபேரர் பார்க்கும் தரும் படிப்பினை

கல்லூரிப் பாடத்திட்டம் என்பது பார்வைக்கு ஒரு பட்டியல். நூற்பெயர்கள், பாட அலகுகள், மணிநேரங்கள், மதிப்பெண்கள் என்று நான்கைந்து பக்கங்களில் அது முடிந்துவிடும். ஆயினும் அப்பட்டியலில் ஒரு நூலுக்கு இடம் தருவோர் வேறொரு நூலுக்கு இடம் மறுக்கின்றனர். பட்டப்படிப்பின் மணிநேரம் அளவுடையது. தமிழிலக்கியமோ ஈராயிரம் ஆண்டுப் பரப்புடையது. ஆகவே எதைச் சேர்ப்பது என்னும் வினா, எதை விடுவது என்னும் வினாவையும் உடன் அழைத்துக்கொண்டே வருகிறது.

இவ்வினாவைக் கல்வியாளர் குழுக்கள் மூடிய அறைக்குள் முடிவு செய்வதே வழக்கம். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்த தமிழர்கள் ஒருமுறை அதனைப் பொதுமக்களின் வினாவாக ஆக்கினர். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அங்கு எம்மொழி முதன்மை பெறவேண்டும் என்பது நாளிதழிலும் மேடையிலும் தோட்டக் குடியிருப்பிலும் பேசப்பட்டது. அந்த வரலாற்றை முதலில் நோக்கி, அது விடை கூறாது விட்டுச்சென்ற பகுதியை ஃபேரர் பார்க் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

இரு மொழிகள், ஒரு துறை

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து அப்பல்கலைக்கழகம் ஆயின. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தார் வாழும் நாட்டில் பல்கலைக்கழகம் அம்மூவர் பண்பாட்டையும் ஆராயவேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. இந்திய ஆய்வியலுக்கு ஒரு துறை அமைப்பது குறித்து, தென்னிந்திய வரலாற்றுப் பேரறிஞர் கா. அ. நீலகண்ட சாஸ்திரியாரின் ஆலோசனை பெறப்பட்டது. சோழர் வரலாற்றை விரிவாக எழுதியவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் வரலாற்றுப் பேராசிரியராகப் பணிபுரிந்தவர். இத்துறையில் சமஸ்கிருதம் முதன்மை பெறவேண்டும் என்பது அவர் அளித்த பரிந்துரை.

இப்பரிந்துரையை எதிர்த்தோர் பலர். எனினும் அதற்குப் பின்னுள்ள காரணங்களை இன்றைய மாணவர் நடுநிலையோடு அறிந்துகொள்ளுதல் வேண்டும். தென்கிழக்காசியாவின் பழைய அரசுகள் பல தம் கல்வெட்டுகளில் சமஸ்கிருதத்தைக் கையாண்டன. மலாய் மொழியில் வழங்கும் பாஹாசா, குரு, ராஜா, நெகாரா, பூமி முதலிய சொற்கள் அம்மொழியிலிருந்து வந்தவை. சிங்கப்பூர் என்னும் பெயரே சமஸ்கிருதச் சொற்களால் ஆனது. இந்தியாவையும் தென்கிழக்காசியாவையும் ஒருங்கே நோக்கும் ஆய்வாளருக்குச் சமஸ்கிருதம் ஒரு திறவுகோல் என்பதை மறுத்தற்கில்லை.

ஆனால் அத்திறவுகோல் ஒன்றே எல்லாக் கதவுகளையும் திறப்பதில்லை. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு தமிழில் அமைந்தது, மணிக்கிராமத்தாரைக் குறிப்பிடுவது. சுமத்திராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டும் தமிழே. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரை அது சுட்டுகிறது. மலாய் மொழியின் கெடாய், கப்பால், மோடால், காத்தில் ஆகியன நம் கடை, கப்பல், முதல், கட்டில் என்னும் சொற்களே. அரசவையின் சொற்கள் ஒரு மொழியிலிருந்து வந்திருக்க, கடைத்தெருவின் சொற்கள் பல தமிழிலிருந்து சென்றன. இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தக்குவாபா, சுமத்திராத் தமிழ்க் கல்வெட்டுகளை ஆராய்ந்து 1932இல் கட்டுரைகள் வெளியிட்டவர்களுள் நீலகண்ட சாஸ்திரியாரும் ஒருவர். இம்மண்ணில் தமிழுக்குள்ள தொன்மையை அறியாதவர் அளித்த பரிந்துரை அன்று அது. சான்றுகளை நன்கறிந்த அறிஞரே, பாடத்திட்டம் வகுக்கும் நிலையில் வேறொரு முடிவுக்கு வந்தார். சான்றுகள் ஒன்றாக இருப்பினும், எவருக்காக, எதன்பொருட்டுக் கற்பிக்கிறோம் என்னும் நோக்கம் மாறும்போது பாடத்திட்டமும் மாறிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரு மொழிகளும் எவ்வாறு பணியைப் பகிர்ந்துகொண்டன என்பதை ஆனைமங்கலச் செப்பேடுகள் காட்டுகின்றன. லெய்டன் பெரிய செப்பேடுகள் என்று ஆய்வாளர் வழங்கும் இவை, நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைக் கூறுவன. மொத்தம் 21 ஏடுகள். அவற்றுள் 5 சமஸ்கிருதம், 16 தமிழ். அரச மரபின் புகழைச் சமஸ்கிருதப் பகுதி பாடுகிறது. ஊரின் எல்லை எது, எவ்வளவு நிலம், எவ்வெவ்வரிகள், எவ்வெவ்வுரிமைகள் என்பனவற்றைத் தமிழ்ப்பகுதி விரிக்கிறது. புகழுக்கு ஒரு மொழியும் வாழ்வுக்கு ஒரு மொழியுமாக அமைந்த இவ்வாவணத்தை முழுதும் கற்க விரும்புவோர் இரண்டையும் அறிதல் வேண்டும். மக்களின் நிலத்தையும் உழைப்பையும் கற்க விரும்புவோர் தமிழை விட்டுவிட்டு அதனைச் செய்ய இயலாது.

மக்கள் தொடுத்த வழக்கு

பரிந்துரையை எதிர்த்து எழுந்த குரல்களுள் முதன்மையானது தமிழவேள் கோ. சாரங்கபாணியாருடையது. திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் வந்த அவர், 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். 1952இல் தமிழர் திருநாளை இங்கு ஒரு பொதுவிழாவாக நிலைபெறச் செய்தார். இந்நாட்டில் வாழும் இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழராயிருக்க, அவர்தம் வரிப்பணமும் உழைப்பும் தாங்கும் பல்கலைக்கழகத்தில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்பது தமிழ் முரசின் வாதம்.

வாதத்தோடு அவர் நின்றிருந்தால் அது பத்திரிகைப் பூசலாகவே முடிந்திருக்கும். ஒரு மொழியைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க நூல்கள் வேண்டும். நூல்கள் வாங்கப் பணம் வேண்டும். எனவே "தமிழ் எங்கள் உயிர்" என்னும் பெயரில் நிதி திரட்டும் இயக்கம் தொடங்கப்பெற்றது. வணிகரும் பணியாளரும் துறைமுகத் தொழிலாளரும் தோட்டப் பாட்டாளிகளும் சிறு சிறு தொகைகளாக வழங்கினர். பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்திற்கு அந்நிதி உதவியது. கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாயிலை மிதித்தவரல்லர். தம் பிள்ளைகள் அங்குச் செல்வார்கள் என்னும் உறுதியும் அவர்களுக்கு இல்லை. அக்காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற சிறுவனுக்குத் தொடக்கக் கல்வியே பெரும்பாலும் எல்லையாக இருந்தது.

அதே காலத்தில் சிங்கப்பூர்ச் சீனர்கள் தம் மொழியில் உயர்கல்வி வேண்டி நன்யாங் பல்கலைக்கழகத்தை எழுப்பினர். டான் லார்க் சை போன்ற பெருவணிகர் பெருந்தொகை ஈந்தனர். திரிஷா ஓட்டிகள் தம் ஒருநாள் ஊதியத்தைக் கொடுத்தனர். அங்கு வகுப்புகள் தொடங்கியது 1956இல். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியதும் அதே 1956இல்தான். சீனர் தனிப் பல்கலைக்கழகம் கண்டனர்; எண்ணிக்கையிலும் செல்வத்திலும் சிறிய தமிழ்ச் சமூகம், இருக்கும் பல்கலைக்கழகத்தினுள் தன் மொழிக்கு உரிய இருக்கையைப் பெற்றது. தமிழ் அத்துறையின் முதன்மை மொழி ஆயிற்று.

நூலும் பாடத்திட்டமும்

நிதி நூலகத்திற்குச் சென்றது என்பதை ஆசிரியர்கள் சிறப்பாக எண்ணிப் பார்க்கவேண்டும். நூலின்றிப் பாடத்திட்டம் இல்லை என்பதைத் தமிழ்க்கல்வியின் வரலாறு முன்னரே காட்டியிருக்கிறது. 1880இல் கும்பகோணம் கல்லூரி ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று தாம் கற்றவற்றைச் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் அடுக்கினார். முதலியாரோ சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் குறித்து வினவினார். அவ்வினா ஒரு பெருந்தேடலைத் தொடங்கிவைத்தது. சிந்தாமணி 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் ஐயரால் அச்சேறின. சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். சங்க இலக்கியம் இன்று இளங்கலை மாணவர் அனைவருக்கும் பாடமாக இருப்பது, அப்பதிப்புகள் ஏற்பட்ட பின்னரே இயல்வதாயிற்று. ஓலைச்சுவடியில் உறங்கிய நூலை எந்தக் குழுவும் பாடமாக வைத்திருக்க முடியாது.

ஆகவே பாடத்திட்டம் மூன்று கால்களில் நிற்பது: கற்பதற்குக் கையில் கிடைக்கும் நூல், அதனைக் கற்பிக்கவல்ல ஆசிரியர், பள்ளியிலிருந்து அவ்வகுப்புவரை வந்து சேரும் மாணவர். இவற்றுள் ஒன்று முறிந்தாலும் பட்டியல் வெறும் தாளாகிவிடும். சிங்கப்பூரின் பிற்கால வரலாறு இதனை மெய்ப்பித்தது.

துறை இடம்பெயர்ந்தபின்

1959இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரு பிரிவுகளாயிற்று. 1962இல் அவை இரு தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு உரியதாயிற்று. அங்கு 1961 முதல் சேவியர் தனிநாயகம் அடிகளார் துறையை வழிநடத்தினார். யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, தமிழ்ப் பண்பாட்டை ஆங்கிலத்தில் உலகறியச் செய்ய 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் இதழைத் தொடங்கியவர் அவர். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழ் ஆய்வின் முதல் உலக மாநாடு தமிழகத்திற்கு வெளியே, சிறுதொகை நிதியால் வலுப்பெற்ற ஒரு துறையின் நிழலில் கூடியது என்பது நம் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம்.

அதே காலத்தில் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத் தமிழ்க்கல்விக்கு வீடு இல்லாமற் போயிற்று. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் சமூகத்தாரால் தஞ்சோங் பகாரில் தொடங்கப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, 1960இல் உயர்நிலைப் பள்ளியாயிற்று; 1982இல் மூடப்பட்டது. தமிழைப் பாடமொழியாகக் கொண்ட கல்வி அத்தோடு முடிந்தது. தமிழ் இரண்டாம் மொழியாகப் பள்ளிகளில் தொடர்ந்தது. 1983இல் ஏற்பட்ட உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம், தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்களுக்குப் புகலிடம் ஆயிற்று. இன்று அது ஃபேரர் பார்க் வட்டாரத்தில் பீட்டி சாலையில் இயங்குகிறது. தமிழ்மொழி, இலக்கியத்தில் பட்டப்படிப்பு 2006இல் அன்றைய சிம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. துறை கோலாலம்பூருக்குச் சென்றதற்கும் இப்பட்டம் தொடங்கியதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு. அந்த இடைவெளியில் வாழ்ந்த ஒரு தலைமுறைத் தமிழாசிரியர்கள், தம் மண்ணின் இலக்கியத்தைத் தாமே தேடிப் படித்தவர்கள். வகுப்பறையில் அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் வினா

1950களில் எழுந்த வழக்கு எம்மொழி என்னும் வினாவுக்கு விடை கண்டது. அம்மொழியில் எதைக் கற்பிப்பது என்பது அடுத்த தலைமுறைக்கு விடப்பட்டது. தமிழகக் கல்லூரிகளின் பட்டியலை அவ்வாறே எடுத்துக்கொள்வது எளிய வழி. தொல்காப்பியம், நன்னூல், சங்கத்தொகை, திருக்குறள், சிலம்பு, கம்பன், பாரதி, பாரதிதாசன், புதுமைப்பித்தன் என்று அது செல்லும். இவற்றுள் ஒன்றையும் விலக்கவேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் அப்பட்டியலில் "தமிழ் எங்கள் உயிர்" நிதிக்கு ஈந்த மனிதர் எங்கே இருக்கிறார்? அவர் கப்பலேறி வந்த கதை, அவர் பாடிய பாட்டு, அவர் பட்ட துயர் ஆகியன எவ்வலகில் வருகின்றன? தம் வாழ்வு இடம்பெறாத ஒரு படிப்புக்கு அவர் பணம் கொடுத்தார் என்று நாம் முடிவுசெய்துவிடலாகாது.

ஃபேரர் பார்க் திடலை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய இவ்விடம் 1840கள் முதல் 1933வரை சிங்கப்பூரின் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் அதன் எச்சம். 1893இல் நா. வ. இரங்கசாமி தாசன் என்பவர் இயற்றிய "அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி" சிங்கப்பூர்ப் பந்தயத்தைக் காணச்செல்வதைப் பாடும் நூல். நாட்டார் இசை வடிவாகிய லாவணியில் நகர வாழ்வைப் பாடிய இந்நூல், இலக்கிய வகை, நகர வரலாறு, பேச்சுவழக்கு ஆகிய மூன்றையும் ஒரே வகுப்பில் கற்பிக்கத்தக்கது. அந்நூலைப் படித்த மாணவர் பந்தயம் நடந்த நிலத்தை நடந்தே சென்று பார்க்கலாம்.

அதே திடலில் 1942 பிப்ரவரி 17ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்வீரர்கள் கூட்டப்பட்டு, ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மேஜர் ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன்சிங்கும் அவர்களிடையே பேசினர். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அது. பின்னர்ச் சுபாஷ் சந்திரபோஸின் அழைப்பை ஏற்று அப்படையில் சேர்ந்த பொதுமக்களுள் மலாயாத் தோட்டத் தமிழர் மிகப் பலர். அதே ஆக்கிரமிப்புக் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாதவர்களும் அவர்களே. இவ்வரலாற்றை மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்கள் புதினங்களாக்கியுள்ளனர், மா. இளங்கண்ணனின் "வைகறைப் பூக்கள்" அவற்றுள் ஒன்று. ஒரு புதினத்தையும் ஒரு திடலையும் ஒரு நாளையும் இணைத்துக் கற்பிக்கும் அலகு, இலக்கியத்தையும் வரலாற்றையும் வேறுபிரிக்காது நிற்கும்.

இங்கு இரண்டு தடைகள் எழக்கூடும். முதலாவது, உள்ளூர் இலக்கியத்திற்கு இடம் தந்தால் செவ்விலக்கியத்திற்கு நேரம் குறையும் என்பது. இது கருதத்தக்க தடையே. ஆனால் 1887இல் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் சிங்கப்பூரில் வெளியிட்ட "சிங்கைநகர் அந்தாதி"யை எவ்வாறு கற்பிப்பது? அந்தாதித் தொடை அறியாமல் அதனுள் நுழைய முடியாது. யாப்பிலக்கணத்தை வாய்பாடாகக் கற்ற மாணவர், அவ்விலக்கணம் தம் ஊர்ப்பெயர் தாங்கிய நூலில் செயற்படுவதை இங்குக் காண்பார். தக்குவாபாக் கல்வெட்டு பழந்தமிழ் எழுத்தறிவை வேண்டுகிறது. ஆனைமங்கலச் செப்பேடுகள் தமிழோடு கிரந்தத்தையும் சமஸ்கிருதத்தையும் வேண்டுகின்றன. இந்த வட்டாரத்து நூல்கள் பழைய புலமையின் இடத்தைப் பறிப்பதில்லை. அப்புலமைக்கு வேலை தருகின்றன. அன்று புறந்தள்ளப்பட்ட பரிந்துரையிலும் உண்மையின் ஒரு கூறு இருந்ததை இவ்விடத்தில் நாம் ஏற்றுக்கொள்ளலாம். தமிழை முதன்மையாகக் கொண்ட படிப்பில் சமஸ்கிருதம், மலாய் ஆகியவற்றின் அடிப்படை அறிவு துணைப்பாடமாக அமைவது தமிழுக்கு ஆக்கமே.

இரண்டாவது தடை தரத்தைப் பற்றியது. உள்ளூர்ப் படைப்புகள் எல்லாம் பெருங்கவிஞர் படைப்புகளுக்கு ஒப்பாகுமா என்று வினவுவர். எல்லாம் ஒப்பாகா. நாடகம், சிறுகதை, கவிதை என்று ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுத்தே வைக்கவேண்டும். அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தின் பேச்சையும் நகைச்சுவையையும் புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணனின் "அடுக்குவீட்டு அண்ணாசாமி" வானொலி நாடகம் போல் காட்டும் ஆவணம் வேறிடத்திலிருந்து வராது. ஒரு நூல் பெருங்காப்பியம் என்பதற்காகப் பாடமாகலாம். ஒரு காலத்தின் வாழ்வை அது ஒன்றே பாதுகாத்திருக்கிறது என்பதற்காகவும் பாடமாகலாம். எக்காரணத்திற்காக வைத்தோம் என்பதை மாணவருக்குச் சொல்லிவிடுவதே நேர்மை.

நூல் கிடைக்கவில்லை என்னும் சாக்கும் இப்போது வலுவிழந்துவிட்டது. சிங்கப்பூர் விடுதலையின் பொன்விழா ஆண்டாகிய 2015இல், ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழிலக்கிய நூல்கள் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்வழி மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அச்சான பழைய நூல்கள் பலவும் அந்நூலகத்தின் தொகுப்பில் உள்ளன. 1950களில் நிதி திரட்டி நிரப்பவேண்டியிருந்த அலமாரியை இன்று மாணவர் தம் கைப்பேசியில் திறக்கலாம்.

முடிவுரை

பாடத்திட்டம் வகுப்போருக்கு நம் வரலாறு தரும் படிப்பினைகளைச் சுருங்கக் கூறலாம். மொழியின் இடம் உறுதியானபின் உள்ளடக்கத்தின் இடம் தானே உறுதியாகிவிடாது. அதனையும் ஒவ்வொரு தலைமுறையும் வாதிட்டே பெறவேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதனைக் கற்பிக்கும் ஆசிரியரையும் அது கிடைக்கும் இடத்தையும் முன்னரே எண்ணவேண்டும். செவ்விலக்கியம், தென்கிழக்காசியக் கல்வெட்டுகள், 1870கள் முதல் இம்மண்ணில் அச்சான நூல்களும் இதழ்களும், தோட்டத்தையும் போரையும் நகரையும் பேசும் இக்கால எழுத்து ஆகிய நான்கும் ஒரு பட்டப்படிப்பில் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும். தமிழ் இங்கு வரவழைக்கப்பட்ட விருந்தாளியா, குடியிருக்கும் உறவா என்னும் வினாவுக்கு மாணவர் அப்பட்டியலிலிருந்தே விடையறிவர்.

பீட்டி சாலையில் மாலைநேரத் தமிழ் வகுப்புக்கு வரும் பதினைந்து வயது மாணவர் ஒருவர், மூன்று நான்கு ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தில் நுழைவார். அவர் கடந்துவரும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு ஏன் அப்பெயர் வந்தது, அத்திடலைத் தமிழில் பாடியவர் யார், அதில் 1942இல் நின்றவர்கள் எங்குச் சென்றனர் என்பவற்றை அவர் தம் தமிழ்ப் பட்டப்படிப்பில் கற்றறிய வழிசெய்வது ஆசிரியர் கடன். அவ்வழி இல்லையெனில் அதனைக் கேட்டுப் பெறுவது மாணவர் உரிமை. தம் பெயர் எங்கும் பொறிக்கப்படாமலே நூலகம் எழ உதவிய மக்களுக்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறும் அதுவே.